புதிய வேலைகளுக்குத் தன்னார்வலர்கள் தயாரா? எப்படி அளப்பது? (பிரஷர், சுகர், செல்போன் பதிவு)

கேள்வி: களமேற்பார்வை

வணக்கம். ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், அதன் கீழ் 20 சுகாதாரத் தன்னார்வலர்கள், ஆளுக்கு 200 வீடு. இதுவரை அவர்கள் பார்த்தது தாய்-சேய் நலம் மட்டும்: கர்ப்பிணிகளைப் பதிவது, தடுப்பூசி நினைவூட்டல், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ்., இருமல் என்றால் மூச்சு எண்ணுவது, கைச்சுற்று நாடாவால் சத்துக்குறைவு பார்ப்பது. மாதத்துக்குச் சுமார் 60 வீடு போனால் போதும்.

இப்போது மூன்று மாற்றம் ஒரே மூச்சில் வருகிறது. 30 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் வீட்டிலேயே பிரஷர், சுகர் பார்க்க வேண்டும். நோட்டுக்குப் பதில் செல்போன் செயலி. சுகாதார நிலையத்துக்கு அனுப்பிய ஆள் போய்ச் சேர்ந்தாரா, மாத்திரை தொடர்கிறாரா என்று மாதாமாதம் பின்தொடர வேண்டும். இதற்கு 3 நாள் பயிற்சி.

பயிற்சிக்கு முன்பே "தயார்நிலை" அளந்து மேலே அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார்கள். கையில் இருப்பது 25 கேள்விப் படிவம். "முழுவதும் ஏற்கிறேன்" முதல் "ஏற்கவே இல்லை" வரை 5 கட்டம். கொடுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாரும் முதல் கட்டத்திலேயே டிக் போட்டிருக்கிறார்கள். இதை நம்பி எழுதலாமா? வேறு எப்படி அளப்பது? எதைப் பார்த்தால் "தொடங்குவதைத் தள்ளிப்போடுங்கள்" என்று துணிந்து எழுதலாம்?

---

பதில் 1: எண்கணக்கு

மேற்பார்வையாளர் கொடுத்து மேற்பார்வையாளரே வாங்கிக்கொள்ளும் படிவத்தில் யார் "ஏற்கவில்லை" போடுவார்? போட்டால் அடுத்த கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். படிவத்தைத் தூக்கி எறிய வேண்டாம், கேட்கும் விதத்தை மாற்றுங்கள்.

ஒரு அமைப்பு மாற்றத்துக்குத் தயாரா என்பதைப் பற்றி ஆய்வாளர் பிரையன் வீனர் 2009இல் எழுதியதில் ஒரு பிரிவினை உண்டு. இந்த வேலைக்கு அது நன்றாகப் பொருந்தும். ஒன்று, இதைச் செய்தே தீர்வோம் என்கிற உறுதி. மற்றது, நம்மால் செய்து முடிக்க முடியும் என்கிற நம்பிக்கை. இந்த இரண்டாவதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கும்: என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிகிறதா, அதற்கான ஆளும் பொருளும் இருக்கிறதா, நேரமும் சூழலும் இடம் கொடுக்கிறதா. தன்னார்வலர்களிடம் முதலாவது பெரும்பாலும் குறைவதில்லை. விழுவது இரண்டாவதில்தான். "விருப்பமா?" என்று 25 விதமாகக் கேட்டால் 25 தடவையும் ஆமாம்தான் வரும்.

படிவத்தில் செய்ய வேண்டியவை:

பெயர் வேண்டாம். அந்த நிலையத்தைச் சேராத ஒருவர் கொடுத்து, பூட்டிய பெட்டியில் போடச் சொல்லட்டும். 20 பேர்தான் என்பதால் வயது, படிப்பு, தெரு என்றெல்லாம் கேட்டாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும், அதையும் நீக்குங்கள்.

"செயலியைப் பயன்படுத்த எனக்கு ஆர்வமும் திறமையும் உண்டு" போன்ற இரட்டைக் கேள்விகளை உடைத்துவிடுங்கள். ஆர்வம் இருந்து திறமை இல்லாதவர் எந்தக் கட்டத்தில் டிக் போடுவார்?

பொதுவாகக் கேட்காமல் ஒரு சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். "பிரஷர் 186 காட்டுகிறது, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். அடுத்து யாருக்குப் போன் செய்வேன் என்று எனக்குத் தெரியும்." இதற்கு ஆம் என்று சொன்னவரிடம், கீழே கோட்டில் அந்த ஆளின் பொறுப்பை எழுதச் சொல்லுங்கள். ஆம் என்று டிக் போட்டுவிட்டுக் கோட்டைக் காலியாக விட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினாலே அறிக்கைக்குப் பாதி சரக்கு கிடைத்துவிடும்.

நேரில் கேட்டால் சொல்லை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். "தயாரா?" என்றால் "தயார்தான்" என்று வரும். அந்த "தான்" சுமக்கும் தயக்கம் டிக் கட்டத்தில் விழாது. "செஞ்சிடலாம்" வேறு, "பார்த்துக்கலாம்" வேறு.

சராசரி போட வேண்டாம். 20 பேருக்கு 4.6 என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. "சுகர் ஸ்ட்ரிப் தீர்ந்தால் யாரிடம் கேட்பது என்று 20இல் 13 பேருக்குத் தெரியவில்லை" என்று எழுதினால் மேலே இருப்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

---

பதில் 2: செவிலியர்_பயிற்றுநர்

எண்கணக்கு சார் சொன்னது சரி. ஆனால் படிவத்தை எவ்வளவு தேய்த்தாலும் கைவேலை தெரியுமா என்று அது சொல்லாது. கண்ணால் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். புது வேலையைச் சொல்லிக்கொடுக்கும் முன்பே அதில் சோதனை வைப்பதில் பயனில்லை. பயிற்சிக்கு முன் பழைய வேலையைச் சோதியுங்கள். பல வருஷமாகச் செய்யும் வேலையே தளர்ந்து போயிருந்தால், அந்த நிலையத்தில் கூடவே போய்ப் பார்த்துத் திருத்தும் மேற்பார்வை நடக்கவில்லை என்று அர்த்தம். அது நடக்காத இடத்தில் புது வேலையும் ஆறு மாதத்தில் அதே கதிக்கு வரும்.

மூச்சு எண்ணுவதை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் நெஞ்சு தெரியும் ஒரு நிமிட வீடியோவை எல்லாருக்கும் ஓட்டுங்கள். சரியான எண்ணிக்கை 46 என்று முன்பே எண்ணி வைத்திருக்க வேண்டும். 43 முதல் 49க்குள் வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். பிறகு இரண்டு கேள்வி: இதே 46, குழந்தைக்கு 8 மாதம் என்றால் என்ன? 14 மாதம் என்றால் என்ன? 2 முதல் 11 மாதம் வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் வேக மூச்சு. 12 மாதத்திலிருந்து 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல். ஆக 8 மாதக் குழந்தைக்கு அது வேக மூச்சு இல்லை, 14 மாதக் குழந்தைக்கு வேக மூச்சு. எண்ணத் தெரிந்தவர் பலர் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குபவர்களையும் கவனியுங்கள். குழந்தையின் மூச்சு சீராக வராது. முழு 60 வினாடியும் எண்ண வேண்டும், அதுவும் அழாமல் இருக்கும்போது.

கைச்சுற்று நாடா: 6 முதல் 59 மாதம் வரை, இடது கை, தோள்பட்டை நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே. நடுப்புள்ளி குறிக்கும்போது முழங்கை மடங்கி இருக்கும், அளக்கும்போது கை தளர்ந்து தொங்கும். 115 மி.மீ.க்குக் கீழே சிவப்பு, 115 முதல் 125க்குக் கீழ் வரை மஞ்சள். நாடாவை இறுக்கினால் நல்ல குழந்தையும் மஞ்சளாகும்.

இனி புதியவை. இவற்றைப் பயிற்சியின் 3ஆம் நாள் மதியம் ஒருமுறை, 4 வாரம் கழித்து வீட்டில் ஒருமுறை சோதியுங்கள். 4 மேசை, மேசைக்கு 12 நிமிடம், 4 பேராகச் சுற்றினால் ஒரு குழுவுக்கு 48 நிமிடம். 5 குழுவும் முடிய 4 மணி நேரம். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் பேசாமல் உட்கார்ந்து செய்தார் / செய்யவில்லை என்று குறிக்க வேண்டும். பேசாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பார்வையாளர் "ம்ம்?" என்று புருவம் தூக்கினாலே தன்னார்வலர் உடனே திருத்திக்கொள்வார், சோதனை கெட்டுவிடும்.

பிரஷர் மேசையில் பார்க்க வேண்டியவை:

– ஆளை உட்கார வைத்து 5 நிமிடம் அமைதியாக விட்டாரா. காபி, டீ, புகையிலை முந்தைய அரை மணி நேரத்தில் உண்டா என்று கேட்டாரா. சிறுநீர் முட்டுகிறதா என்று கேட்டாரா.

– முதுகு சாய்ந்திருக்கிறதா, பாதம் தரையில் பதிந்திருக்கிறதா, கால் மேல் கால் இல்லாமல் இருக்கிறதா.

– கை நெஞ்சு மட்டத்தில் ஏதாவது ஒன்றின் மேல் தாங்கலாக இருக்கிறதா. தொங்கவிட்ட கையில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். வீட்டில் மேசை இருக்காது. பெட்டியோ தலையணையோ அடுக்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவருக்கு அளப்பதைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

– பட்டை வெறும் கையில் சுற்றியிருக்கிறதா, கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு 2-3 செ.மீ. மேலே நிற்கிறதா. ரவிக்கைக் கையையோ சட்டையையோ மேலே சுருட்டி ஏற்றினால் அதுவே கயிறு கட்டியது போல இறுக்கும்.

– அளக்கும்போது இருவரும் பேசாமல் இருந்தார்களா. எல்லாரும் தவறும் இடம் இது. தன்னார்வலர் பக்கத்துத் தெருக்காரர். நலம் விசாரிக்காமல் எப்படி இருப்பது? ஆனால் பேச்சு மட்டுமே அளவைச் சில புள்ளிகள் ஏற்றிவிடும்.

– 1-2 நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் எழுதினாரா. "முதலில் கூட வந்தது, அடுத்து குறைந்தது, அதனால் குறைந்ததை எழுதினேன்" என்பது பலருக்கும் உள்ள பழக்கம். இரண்டும் வேண்டும்.

140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் வேறொரு நாள் மறுபடி பார்த்து உறுதி செய்ய அனுப்ப வேண்டும். ஒரே நாள் அளவை வைத்து "உங்களுக்கு பிரஷர் வந்துவிட்டது" என்று சொல்லக் கூடாது. 180/110ஐத் தொட்டால் அன்றே. கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் என்று ஏதாவது இருந்தால் அந்த நிமிடமே வண்டி.

சுகர் மேசை: விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாரா (பழம் தொட்ட விரலில் 250 காட்டும், கழுவிப் பார்த்தால் 110). ஸ்பிரிட் போட்டால் காயும் வரை காத்திருந்தாரா. விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினாரா. ரத்தம் வரவில்லை என்று பிதுக்கினால் திசு நீர் கலந்து அளவு மாறும். கையைத் தொங்கவிட்டுச் சூடாகத் தேய்த்தால் போதும். ஸ்ட்ரிப் எடுத்ததும் டப்பாவை மூடினாரா. திறந்தே வைத்தால் ஈரக்காற்று உள்ளே போய் மொத்த டப்பாவும் கெட்டுவிடும், ஆனால் எண் என்னவோ காட்டிக்கொண்டேதான் இருக்கும். திறந்த தேதியை டப்பா மேல் எழுத வேண்டும். திறந்த பிறகு எத்தனை மாதம் என்பதை அந்தந்தத் தயாரிப்பின் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். லான்செட் (விரலில் குத்தும் ஊசி) ஒருவருக்கு ஒன்று. ஊசிப் பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும், அமுக்கி இடம் பண்ணக் கூடாது.

சாப்பிட்டாரா என்று கேட்காமல் "வெறும் வயிறு" என்று பதிவதுதான் சுகரில் பெரிய தவறு. 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் உட்கொள்ளாமல் இருந்தால்தான் வெறும் வயிறு. சர்க்கரை போட்ட டீ குடித்திருந்தால்கூட இல்லை. வெறும் வயிற்றில் 126, எப்போது வேண்டுமானாலும் எடுத்ததில் 200 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்): இவற்றைத் தொட்டால் உறுதி செய்ய அனுப்புங்கள். காலை 11 மணிக்குப் பார்த்த 150ஐ வெறும் வயிறு என்று போட்டால் ஒரு நல்ல மனிதரைச் சர்க்கரை நோயாளியாக்கி அனுப்புகிறோம். இன்னொன்று, மீட்டரின் அலகு. சில மீட்டரில் இதே 126, 200 மில்லிமோல் கணக்கில் 7.0, 11.1 என்று வரும். 20 மீட்டரும் ஒரே அலகில் இருக்கிறதா என்று கொடுக்கும் முன்பே பாருங்கள்.

70க்குக் கீழே, வியர்வை, நடுக்கம்: நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரைக் கரைசல், 15 நிமிடத்தில் மறுபடி பார்ப்பது. நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றவே கூடாது. இந்த ஒன்றில் தவறியவரை மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் களத்துக்கு அனுப்பாதீர்கள்.

---

களமேற்பார்வை: மிக்க நன்றி மேடம். 5 நிமிட ஓய்வு, இரண்டு அளவு, சுகர், பதிவு எல்லாம் சேர்ந்தால் ஆளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? மேலே கொடுத்த திட்டத்தில் ஆளுக்கு 5 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள்.

---

பதில் 3: நடைக்கணக்கு

5 நிமிடம் என்று போட்டவர் அந்த 5 நிமிட ஓய்வோடு நிறுத்திவிட்டார் போல!

15 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள எண்கள் எல்லாம் அனுமானம்தான். உங்கள் பதிவேட்டைப் பார்த்து மாற்றிப் போடுங்கள். ஆனால் கணக்கைப் போடாமல் அறிக்கை எழுத வேண்டாம்.

ஒரு தன்னார்வலருக்கு: இப்போது 60 வீடு, நடையோடு சேர்த்து வீட்டுக்கு 30 நிமிடம், மாதம் 30 மணி நேரம்.

200 வீட்டில் வீட்டுக்கு இரண்டரைப் பேர் 30 வயதுக்கு மேல் என்றால் 500 பேர். 500 × 15 நிமிடம் = 125 மணி நேரம். 200 வீட்டுக்கும் நடை, வீட்டுக்கு 10 நிமிடம், 33 மணி நேரம். வேலைக்குப் போனவர் பகலில் இருக்க மாட்டார். 80 வீட்டுக்காவது இரண்டாம் நடை, 13 மணி நேரம். மொத்தம் 171. ஆறு மாதத்தில் பரப்பினால் மாதம் 28 மணி நேரத்துக்குச் சற்று மேல்.

இதுவரை சரி. திட்டம் போடுபவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். 500 பேரில் ஐந்தில் ஒருவருக்கு அளவு கூட வந்தால் 100 பேர். மாதம் ஒருமுறை 20 நிமிடம் பார்த்தால் 33 மணி நேரம். பரிசோதனை ஆறாம் மாதம் ஓய்ந்துவிடும், இது ஓயாது. ஆறாம் மாதம் மொத்தம் 91-92 மணி நேரம்; அதற்குப் பிறகும் மாதம் 63. இன்றைய 30 நிரந்தரமாக இரட்டிப்பாகிறது. "கூடுதலாக ஒரு சின்ன வேலை" என்று சொல்லித் தொடங்கினால் எட்டாம் மாதம் ஆள் நின்றுவிடுவார், அல்லது வீட்டில் உட்கார்ந்தே எண்களை எழுதுவார்.

வீட்டில் உட்கார்ந்து எழுதுவதைக் கண்டுபிடிப்பது எளிது. தானியங்கிக் கருவியில் மேல் அளவின் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை ஏறக்குறைய சமமாக விழும். 200 அளவில் 0ல் முடிவது 20 வாக்கில் இருக்க வேண்டும். 90 இருந்தால் கருவி அளக்கவில்லை, கை அளந்திருக்கிறது. 120/80 எத்தனை தடவை வருகிறது என்றும் எண்ணுங்கள். கண்டுபிடித்ததும் திட்டப் போகாதீர்கள். முதலில் பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள். பாதி நேரம் அதுதான் காரணமாக இருக்கும்.

அடுத்து சுகாதார நிலையத்தின் பக்கம். தன்னார்வலர் தயாரா என்று மட்டும் கேட்கிறார்கள். அனுப்பினால் வாங்கிக்கொள்ள நிலையம் தயாரா? 20 × 100 = 2,000 பேர், 26 வாரத்தில். நாளுக்கு 13 புதியவர்கள். தாங்கலாம். அதில் 1,200 பேருக்கு உறுதியாகி மாத்திரை தொடங்கினால், மாதாமாதம் மாத்திரை வாங்க 1,200 பேர் திரும்ப வருவார்கள். 26 வேலைநாளில் நாளுக்கு 46. தாங்காது. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை என்றாலே மாதம் 36,000 மாத்திரை. பலருக்கு இரண்டு வகை தேவைப்படும். கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு 90 நாள் மாத்திரை ஒரேயடியாகக் கொடுத்தால் அந்த 46, 15 ஆகக் குறையும். ஆனால் அதற்கு மூன்று மடங்கு கையிருப்பு முன்பே வேண்டும். இந்தக் கொள்முதல் கடிதம் போகாமல் தன்னார்வலருக்குப் பயிற்சி தொடங்குவது, இலை போட்டுவிட்டு அரிசி வாங்கப் போவது மாதிரி.

20 பேரையும் ஒரே நாளில் இறக்க வேண்டாம். 5 பேர், மூன்று வாரம் கழித்து அடுத்த 5. முதல் குழுவில் என்ன உடைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களைத் தனியே குறியுங்கள். அவர்களை "புதிதாகக் கண்டுபிடித்தோம்" என்ற எண்ணிக்கையில் சேர்த்தால் கணக்கு மொத்தமும் குழம்பும்.

---

பதில் 4: சிக்னல்_இல்லை

செயலியைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதை மட்டும் சொல்கிறேன்.

பயிற்சிக்கு முன் ஒரு சின்னச் சோதனை. புது செயலி வேண்டாம், இருக்கும் போனை வைத்தே: தமிழில் ஒரு பெயர் தட்டச்சு, ஒரு எண்ணைத் திருத்துவது, ஒரு படம் எடுத்து அனுப்புவது, சேமிப்பிடம் எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது, போனைப் பூட்டித் திறப்பது. 10 நிமிடத்தில் ஐந்தும் முடித்தவர், மூன்று முடித்தவர், உதவி வேண்டியவர் என்று மூன்று கூட்டம் தெரிந்துவிடும். முதல் கூட்டத்தில் ஒருவரை மூன்றாம் கூட்டத்தில் ஒருவரோடு ஜோடி சேருங்கள். பயிற்சி வகுப்பில் ஜோடி சேர்ந்தால் வேகமானவர் போனைப் பிடுங்கித் தானே செய்துவிடுவார். "கை அவருடையது, வாய் உன்னுடையது" என்று விதி வையுங்கள்.

களத்தில் உடைவது பெரும்பாலும் இவை:

சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்தது போனிலேயே நிற்கும். பச்சைக் குறி வந்ததா என்று பார்க்காமல் மறுநாள் அதே வீட்டை மறுபடி பதிவார், ஒரே ஆள் இரண்டாவார். தினமும் மாலை "அனுப்பப்படாதவை: 0" என்று வரும் வரை சிக்னல் உள்ள இடத்தில் நின்று பார்ப்பது வேலையின் பகுதி. போன் தொலைந்தால் அனுப்பாதது போனதுதான்.

பெயர் எழுத்து. சரசுவதி, சரஸ்வதி, சரஸ்வதி எஸ். என்று மூன்றும் செயலிக்கு மூன்று பேர். பெயரில் தேடாமல் வீட்டு எண்ணில் தேடி, அந்த வீட்டுப் பட்டியலிலிருந்து ஆளைத் தொடச் சொல்லிக்கொடுங்கள்.

நோட்டும் செயலியும் சேர்ந்தே ஓடும் காலம். மாறும்போது இரண்டும் தேவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நோட்டு நிற்கும் தேதி முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும், 8 வாரம் என்றால் 8 வாரம். தேதி இல்லாவிட்டால் இரண்டு வருஷம் கழித்தும் இரண்டிலும் எழுதிக்கொண்டிருப்பார்கள்; முதலில் நோட்டில் எழுதி, ராத்திரி வீட்டில் பார்த்துச் செயலியில் ஏற்றுவார்கள். அப்போது "140க்கு மேல், மறுபடி அளக்கவும்" என்று செயலி தரும் எச்சரிக்கை ராத்திரி 9 மணிக்கு வரும். யாருக்குப் பிரயோஜனம்?

வீட்டில் எல்லாரும் எடுக்கும் போனில் அடுத்த வீட்டுக்காரரின் நோய் விவரம் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. செயலிக்குத் தனிப் பூட்டு வேண்டும். இதைப் பதிவது யாருக்காக, யார் பார்ப்பார்கள் என்று குடும்பத்திடம் சொல்ல இரண்டே வாக்கியம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

---

பதில் 5: பழைய_பதிவேடு

எல்லாம் சரி, ஒரு சந்தேகம். இந்தச் சோதனைகளில் பின்தங்குபவர் வயதில் மூத்த தன்னார்வலராகத்தான் இருப்பார். ஆனால் பிரசவ வலி வந்த வீட்டில் மாமியாரிடம் பேசி வண்டி ஏற்ற வைப்பவரும் அவர்தான். போன் தட்டத் தெரியவில்லை என்று அவரை "தயாரில்லை" பட்டியலில் போட்டால், அடுத்த மாதம் அவரை எடுத்துவிட்டு இளவயதுக்காரரை வைப்பார்கள். அளவுகோல் ஆளை வெட்டும் கத்தியாகிவிடும். அறிக்கையில் ஆள் பெயர் இல்லாமல் வேலைவாரியாக எழுதுங்கள்: "பிரஷர் 20இல் 16, சுகர் 20இல் 11, பதிவு 20இல் 9." யாருக்கு எது வராதோ அதற்கு இருவர் சேர்ந்து போகலாம், ஒருவர் அளக்கட்டும், ஒருவர் பதியட்டும்.

பிறகு பணம். யாரும் வாயே திறக்கவில்லை. வேலை இரண்டு மடங்காகிறது என்று மேலே கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட சமூக சுகாதாரப் பணியாளர் வழிகாட்டுதலில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கிறது: வேலையின் அளவுக்கு ஏற்ற ஊதியம்; பொறுப்பு, வேலை நிலை, ஊதியம், உரிமை ஆகியவற்றைச் சொல்லும் எழுத்து ஒப்பந்தம்; முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ செயல்பாட்டை வைத்து ஊதியம் தர வேண்டாம் என்ற பரிந்துரை. "ஒரு ஆளுக்கு அளந்தால் இவ்வளவு" என்று வைத்தால் என்ன ஆகும்? அளந்தது கூடும், 5 நிமிட ஓய்வு காணாமல் போகும், பணம் வராத மூச்சு எண்ணும் வேலை மெல்லக் கழன்றுவிடும். தயார்நிலைப் படிவத்தில் ஒரு கேள்வி சேருங்கள்: "இந்தப் புதிய வேலைக்கு எனக்கு என்ன தருவார்கள், எப்போது தருவார்கள் என்று தெரியும்." 20 பேரும் தெரியாது என்றால், அது அவர்கள் குறையா?

---

களமேற்பார்வை: இந்தக் கடைசிக் கேள்வியை அப்படியே சேர்த்துக்கொள்கிறேன். தள்ளிப்போடச் சொல்லும் எல்லையை எங்கே வைப்பது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

---

பதில் 6: செவிலியர்_பயிற்றுநர்

மதிப்பெண் வைத்துத் தள்ளிப்போடச் சொன்னால் "இன்னொரு நாள் பயிற்சி கொடுங்கள்" என்று திரும்பி வரும். அதனால் பொருளையும் ஆளையும் வைத்து எழுதுங்கள். இவற்றில் எது இல்லாவிட்டாலும் தொடங்க வேண்டாம்:

180/110 வந்தால் போன் எடுக்கும் ஒரு ஆள், பெயரோடு, மாலை நேரத்துக்கும் சேர்த்து. அனுப்பும் சீட்டின் ஒரு பாதி நிலையத்தில் தங்கி, மறு பாதி "பார்த்தோம், இன்ன மருந்து" என்று எழுதித் தன்னார்வலருக்குத் திரும்பும் ஏற்பாடு. பிரஷர், சுகர் மாத்திரை மூன்று மாதத்துக்குக் கையிருப்பில். முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு தன்னார்வலரோடும் மாதம் இரண்டு அரை நாள் கூடவே வீட்டுக்குப் போகும் மேற்பார்வையாளர். 20 பேருக்கு அது மாதம் 40 அரை நாள், ஒருவரால் ஆகிற காரியமில்லை. நடைக்கணக்கு சொன்ன மாதிரி ஐந்தைந்து பேராக இறக்கினால்தான் முடியும்.

கைவேலையில் ஒரே ஒரு எல்லை: ஆபத்து அறிகுறிகளில் 20இல் 20. மற்றதில் 16 வந்தால் தொடங்கி, மிச்சத்தைக் களத்தில் திருத்தலாம்.

கருவி வாங்கும் பட்டியலை ஒருமுறை பாருங்கள். பல கருவிகளோடு 22-32 செ.மீ. பட்டைதான் வரும். மேற்கை சுற்றளவு 32க்கு மேல் உள்ளவருக்கு அதைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். 32-42 செ.மீ. பட்டை குறைந்தது 5 பேருக்கு ஒன்றாவது கேளுங்கள். கருவி தயாரித்த நிறுவனத்தின் பட்டையாகவே இருக்க வேண்டும், வேறொன்றின் பட்டை பொருந்தினாலும் அளவு தப்பும். அதுவரை நாடாவால் கையை அளந்து, 32 தாண்டினால் வீட்டில் அளக்காமல் நிலையத்துக்கு வரச் சொல்லட்டும். கைச்சுற்று நாடா குழந்தைக்கானது, அது பெரியவர் கைக்கு எட்டாது. தையல் நாடா 20 வாங்கிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.